சிவப்புப் பென்சில்

"அமெரிக்கப் பூர்வகுடி இலக்கியத்த முதுமாணிக்கு எடுத்தா என்ன பிரயோசனம், சேர்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். எலிசபெத் குக்-லினின் கதையைச் சொன்னேன்.

தென் டகோட்டாவின் க்ரோ க்ரீக் ஒதுக்கிடத்தில் 1930இல் பிறந்தவர். 1971இல் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சேர்ந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருந்தது. 1985இல் சக ஆய்வாளர்களோடு ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அதன் பெயருக்கு டகோட்டா மொழியில் 'சிவப்புப் பென்சில்' என்று பொருள். தனிமனித அடையாளத் தேடலோடு பூர்வகுடி இலக்கியம் நின்றுவிடக் கூடாது. நிலம், உடன்படிக்கை, இறைமை பற்றியும் அது பேச வேண்டும் என்பதே அவரது வாதம். 2023இல் காலமாகும்வரை அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"நம்மளப் பற்றி மற்றவங்க எழுதினதத் திருத்துறதுக்கு நாமளும் படிச்சிருக்கணும், தம்பி. பிரயோசனம் அதுதான்" என்றேன்.