பதக்க ஆரூடம்

ஒலிம்பிக் விழா நெருங்க நெருங்க, எந்தத் தேசம் எத்தனை பதக்கம் பெறும் என்று முன்கூட்டி உரைப்போரின் தொகையும் பெருகிக்கொண்டே போவது வழக்கம். ஜனத்தொகையையும் தேசிய வருமானத்தையும் மாத்திரம் வைத்துக்கொண்டு, ஓட்டக்காரன் ஒருவனுடைய பெயரையேனும் அறிய முற்படாமலே கணக்கை முடித்துவிடுகிற பொருளாதாரப் பேராசிரியர்கள் உண்டு. முந்தைய ஆண்டுகளின் உலகப் போட்டி முடிவுகளையெல்லாம் கணினிக்கு ஊட்டி, 'கிரேஸ்நோட்' என்ற பெயரில் பதக்கப் பட்டியல் வெளியிட்ட நீல்சன் நிறுவனத்தார் உண்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தங்கம் இன்னாருக்கு, வெள்ளி இன்னாருக்கு என்று பெயர் குறித்தே எழுதிவந்த 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' போன்ற பத்திரிகைகளும் உண்டு. இவற்றை ஒன்று விடாமல் வாசிக்கும் சபலம் எனக்கு நெடுநாளாக உண்டு. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் எல்லாம் அதில் கண்டபடியே நடக்கும் என்று நம்பித்தான் பார்க்கிறார்களா என்ன?

2024-இல் பாரிஸ் விழாவுக்குச் சில தினங்கள் முன்பு வெளியான கிரேஸ்நோட் பட்டியல், அமெரிக்காவுக்கு 112 பதக்கங்கள், சீனாவுக்கு 86, பிரிட்டனுக்கு 63, பிரான்சுக்கு 60 என்று கூறிற்று. விழா முடிந்தபோது அவர்கள் பெற்றவை முறையே 126, 91, 65, 64. பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மோதிய விழாவில் இவ்வளவு அருகாக எண்ணிச் சொன்னதை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே பட்டியல் பிரான்சுக்கு 27 தங்கம் என்று சொல்லியிருக்க, கிடைத்தவை 16 தான் என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். மொத்தத்தில் பலித்த ஆரூடம், பிரித்துப் பார்க்கும் இடத்தில் பொய்த்துப்போவதன் காரணம் எளியது. பெரிய தேசத்தார் நூற்றுக்கணக்கான பந்தயங்களில் இறங்குகிறார்கள். நீச்சல் குளத்தில் கைநழுவிய பதக்கம் ஓட்டப் பாதையில் வேறொருவர் கையில் வந்து சேர்ந்துவிடுகிறது. பிழைக்குப் பிழை நேராகிவிடுகிறது. மொத்தக் கணக்கைச் சொன்னவர்கள் மார்தட்டிக்கொள்ளலாம். நம்மைப் போன்ற ரசிகர்களுக்கோ மொத்தக் கணக்கில் என்ன சுவாரஸ்யம்?

ஆடவர் 1500 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சனுக்கும் பிரிட்டனின் ஜோஷ் கெர்ருக்கும் இடையே மாதக்கணக்காக வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. இருவரில் ஒருவருக்கே தங்கம் என்று நிபுணர்களும் ரசிகர்களும் ஒருமிக்கத் தீர்ப்பளித்துவிட்டார்கள். கடைசி நூறு மீட்டரில் அவ்விருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருக்க, உட்புறத்தில் கிடைத்த சிறு இடைவெளியில் நுழைந்து, 3 நிமிடம் 27.65 விநாடி என்ற ஒலிம்பிக் சாதனையோடு கோட்டைத் தாண்டியவர் கோல் ஹாக்கர் என்ற அமெரிக்க இளைஞர். இங்கெபிரிக்ட்சனுக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

இதைவிட விசித்திரம், தங்கப் பட்டியலின் உச்சியில் நடந்தது. அமெரிக்காவும் சீனாவும் தலைக்கு 40 தங்கத்தோடு சமமாக நின்று, வெள்ளி மிகுதியால் அமெரிக்கா முதலிடம் பெற்றது என்று சரித்திரம் எழுதும். அமெரிக்காவின் அந்த நாற்பதில் ஒன்று, நூறு மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸ் ஜமைக்காவின் கிஷேன் தாம்ஸனை விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு முந்தியதால் கிடைத்தது. மற்றொன்று, விழாவின் கடைசிப் பந்தயமான மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் கிடைத்தது. அந்த ஆட்டம் தொடங்குகையில் சீனாவுக்கு 40, அமெரிக்காவுக்கு 39. அமெரிக்க மகளிரோ 1992-க்குப் பின் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டமும் தோற்காதவர்கள்; உலகத்தில் உள்ள ஆரூடக்காரர் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய தங்கம் இது ஒன்றுதான். அப்படிப்பட்ட ஆட்டத்தின் இறுதிக் கணத்தில், மூன்று புள்ளி பின்தங்கியிருந்த பிரான்சின் காபி வில்லியம்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்துவிட்டது! ஆனால் எறிகையில் அவருடைய காலணியின் நுனி மூன்று புள்ளிக் கோட்டின்மீது பட்டிருந்தபடியால் இரண்டு புள்ளியே கொடுக்கப்பட்டு, 67-க்கு 66 என்று ஆட்டம் முடிந்தது. கால் ஓரங்குலம் பின்னால் ஊன்றியிருந்தால் ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அதில் பிரான்ஸ் வென்றிருந்தால் பட்டியலில் முதலிடம் சீனாவுக்கு. மொத்தப் பதக்கத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும் அமெரிக்கப் பத்திரிகைகள் அப்பொழுதும் தங்கள் தேசத்தையே முதலில் போட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தங்கம் ஒன்று உண்டு; அதைப் பற்றிப் பேசும்போது நம் மனம் சும்மா இருப்பதில்லை. மகளிர் 50 கிலோ மல்யுத்தத்தில் ஜப்பானின் யுய் சுசாகி சர்வதேசப் பந்தயங்களில் தோல்வியே காணாதவர். முதல் சுற்றிலேயே அவரை வீழ்த்தி, அன்றே மேலும் இருவரை வென்று, இறுதிப் பந்தயத்துக்கு வந்து நின்றார் நம் வினேஷ் போகாட். மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் அதிகமாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். அவருடைய இடத்தில் கியூப வீராங்கனை இறங்க, அவரை வென்று தங்கம் பெற்றவர் அமெரிக்காவின் சாரா ஹில்டபிராண்ட். அமெரிக்காவின் நாற்பதில் அதுவும் ஒன்று. எந்தக் கணினிக்கும் இந்த நூறு கிராமை யாரும் முன்கூட்டி ஊட்டியிருக்க முடியாது.

பாரிஸில் நமக்கு இரட்டை இலக்கத்தில் பதக்கம் கிடைக்கும் என்று விழாவுக்கு முன்பு நம் நாட்டில் பேசாதவர் அபூர்வம். டோக்கியோவில் பெற்றவை 7. அதிலிருந்து மேலே செல்வதுதானே கிரமம் என்று நினைத்தோம். கிடைத்தவை ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமும். அதற்குப் பிறகு எழுந்த கண்டனங்களில் ஒரு சங்கதியை மட்டும் பலர் கவனிக்கவில்லை: ஆறு பந்தயங்களில் நம்மவர்கள் நான்காம் இடத்தில் நின்றார்கள். பளு தூக்குதலில் மீராபாய் சானு 199 கிலோ தூக்க, வெண்கலம் பெற்ற தாய்லாந்துப் பெண் தூக்கியது 200. ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதலின் கலப்புப் பிரிவில், வெண்கலத்துக்கான மோதலில், மகேஸ்வரி சவுஹானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் சுட்டு வீழ்த்திய தட்டுகள் 43, சீனத்தார் 44. ஏற்கெனவே இரண்டு வெண்கலம் வென்றிருந்த மானு பாக்கர் மூன்றாவதை ஹங்கேரிய வீராங்கனை ஒருவருடன் நடந்த சமன்முறிவுச் சுற்றில் இழந்தார். அர்ஜுன் பபுதா, லக்ஷ்யா சென், வில்வித்தையில் தீரஜ் பொம்மதேவரா - அங்கிதா பகத் இணை என்று மற்ற மூன்றும் இவ்வாறே.

இந்த ஆறு பந்தயங்களிலும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பதக்கங்களை எதிர்பார்ப்பது நியாயம். ஆறும் வருவதற்கு 64-இல் ஒரு பங்கு சாத்தியம். ஒன்றுகூட வராமற்போவதற்கும் அதே 64-இல் ஒரு பங்கு. நமக்கு நேர்ந்தது பின்னது. மூன்று வந்திருந்தால் மொத்தம் ஒன்பதாகி, அதே வீரர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்போம். நூறு பதக்கம் பெறும் தேசத்துக்கு இத்தகைய விதிவசம் பட்டியலில் தெரிவதே இல்லை; ஆறும் ஏழும் பெறும் தேசத்துக்கு அதுவே சர்வமும். ஆகவே நம்மைப் பற்றி ஆரூடம் சொல்ல வருகிறவர் பதக்கங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை பேர் முதல் எட்டு இடங்களுக்குள் வருவார்கள் என்று சொல்லட்டும் என்பது என் கட்சி. நம் விளையாட்டு வளர்கிறதா, தேய்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

நம்மவர்க்கு எதிர்மாறானவர்கள் தென்கொரியர்கள். 144 பேரை மட்டும் அனுப்பிய அவர்களுடைய ஒலிம்பிக் சங்கத்தார், ஐந்து தங்கம் வந்தால் போதும் என்று விழாவுக்கு முன்பே அடக்கமாகச் சொல்லிவிட்டார்கள். வில்வித்தையில் மாத்திரமே இருந்த ஐந்து தங்கத்தையும் அவர்கள் அள்ளினார்கள். மகளிர் குழு வில்வித்தையில் 1988 முதல் வேறெந்தத் தேசமும் தங்கத்தைத் தொட்டதில்லை. மொத்தம் வந்த தங்கம் 13. அடக்கமா, சாமர்த்தியமா என்று எனக்கு ஐயமுண்டு. ஆயினும் அவர்களில் ஒருத்தி, 2021-இல்தான் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, பதினாறு வயதில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற பான் ஹியோ-ஜின் என்ற பள்ளி மாணவி, எந்த அதிகாரியின் கணக்கில் முன்பே இடம் பெற்றிருக்க முடியும்?

பொருளாதாரப் பேராசிரியர்களை ஒரு வார்த்தையில் விட்டுவிடலாம். இரண்டு லட்சம் ஜனங்கள்கூட இல்லாத செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் மகளிர் நூறு மீட்டரிலும், அதனினும் சிறிய டொமினிக்காவின் தியா லாஃபாண்ட் மும்முறைத் தாண்டுதலிலும் தத்தம் தேசத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றுவிட்டார்கள். 140 கோடி ஜனங்கள் உள்ள நமக்குத் தங்கம் இல்லை.

இனி 2028, லாஸ் ஏஞ்சலிஸ். நீரஜ் சோப்ராவைப் பற்றி ஆரூடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் ஈட்டி எறிதலில், முன்பே 97 மீட்டரைக் கடந்தவர் என்ற கீர்த்தியுடன் வந்த ஜெர்மனியின் யோஹன்னஸ் வெட்டர் ஒன்பதாம் இடத்துக்குச் சரிய, 87.58 மீட்டர் எறிந்த நீரஜுக்குத் தங்கம் கிடைத்தது. அதே டோக்கியோவில் 2025-இல் நடந்த உலகப் போட்டியில் நீரஜ் எட்டாவதாக வர, அதிகம் பேர் அறியாத நம் சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காம் இடம் பெற்றார். மறுபடியும் நான்கு! காம்பவுண்டு வில்வித்தையின் கலப்பு அணிப் பந்தயம் புதிதாகச் சேர்வது நமக்கு அனுகூலம், ஸ்குவாஷும் வருகிறது. கிரிக்கெட்டில் ஆடவர், மகளிர் இரண்டிலும் நமக்குப் பதக்கம் நிச்சயம் என்று எல்லாப் பத்திரிகைகளும் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டன. ஆறே அணிகள் ஆடும் இருபது ஓவர் பந்தயத்தில் ஒரே ஒரு மோசமான ஓவர் என்ன செய்யும் என்பதைக் கிரிக்கெட் ரசிகனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒலிம்பிக் கிரிக்கெட் பற்றிக் கணினிக்கு ஊட்டுவதற்கு உள்ள பூர்வ சரித்திரமோ, 1900-இல் பாரிஸில் பிரிட்டன் பிரான்சை 158 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்ற அந்த ஒரே ஆட்டந்தான். அதை வைத்துக்கொண்டு யார் என்ன கணக்குப் போட்டாலும் போடட்டும். என் பட்டியலில் எட்டுப் பதக்கம் என்று எழுதியிருக்கிறேன், கிரிக்கெட்டுக்கு அதில் ஒன்றுதான்.