கொழுப்பு அமிலத்திலிருந்து எரிபொருள்

தேங்காயெண்ணெயும் டீசலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்களாகத் தோன்றினும், இரசாயன அமைப்பில் அவை நெருங்கிய உறவினை உடையவை. டீசலில் பெரும்பாலும் உள்ளவை, கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்து அமைந்த ஹைட்ரோகார்பன்கள். தேங்காயெண்ணெயிலும் கரிச் சங்கிலிகளே உள்ளன. ஆயின் ஒவ்வொரு சங்கிலியின் ஒரு நுனியிலும் பிராணவாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு காணப்படும் லாரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 12 கரி அணுக்கள் உள்ளன. கடைசி அணு இரண்டு பிராணவாயு அணுக்களைப் பற்றி நிற்கிறது. அந்த நுனியைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிட்டால் எஞ்சுவது 11 கரி அணுக்களைக் கொண்ட ஹைட்ரோகார்பனாகும்.

சொல்வதற்கு எளிதாயினும், இதனைச் செய்வது எளிதன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு விமானம், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட எரிபொருளை ஓரளவு கலந்து பறந்தது. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம் அதனைத் தயாரித்தளித்தது. பெருமைக்குரிய சாதனையே. ஆயினும் இத்தகைய முறைகளில் பிராணவாயுவை அகற்றுதற்கு 300 டிகிரி சென்டிகிரேடையும் கடந்த வெப்பமும், மிகுந்த அழுத்தமும், ஏராளமான ஹைட்ரஜனும் தேவைப்படுகின்றன. அந்த ஹைட்ரஜனும் பெரும்பாலும் பூமியினின்று எடுக்கப்படும் இயற்கை வாயுவிலிருந்தே கிடைக்கிறது! தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்கிற்கும் மேலாக வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நம் நாட்டிற்கு இதனினும் சிக்கனமான வழி வேண்டும்.

அத்தகைய வழியை நுண்ணுயிர்கள் நெடுங்காலமாகவே அறிந்துள்ளன. நொதிகள் எனப்படும் புரதங்களைக் கொண்டு, சாதாரண வெப்பநிலையிலேயே அவை இவ்வேலையை முடிக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்ஸைடின் உதவியால் இதனைச் செய்யும் ஒரு பாக்டீரியா நொதி 2011-இல் வெளிப்பட்டது. நீல ஒளி பட்டால் மட்டுமே இயங்கும் பாசி நொதியொன்றைப் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர் 2017-இல் கண்டறிந்தனர்.

ஸூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியாவில் காணப்படும் ‘அண்ட்-பி’ என்னும் நொதியைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தேபாசிஷ் தாஸ் குழுவினர் ஆராய்ந்து வருகின்றனர். இது கொழுப்பு அமிலத்தின் நுனியைக் கழற்றி, சங்கிலியின் முனையில் இரட்டைப் பிணைப்புள்ள ‘ஆல்கீன்’ என்னும் ஹைட்ரோகார்பனை அளிக்கிறது. ஆனால் இது உயிரணுவின் சவ்வில் புதைந்து கிடப்பது, நீரில் கரையாதது, தொடர்ந்து எலெக்ட்ரான்களை ஊட்ட வேறு புரதங்கள் துணை நிற்கவேண்டும். இவற்றினும் பெரிய இடையூறு ஒன்றிருந்தது. ஒவ்வொரு நொதி மூலக்கூறும் சராசரியாக 14 முறை வேலை செய்தவுடன் ஓய்ந்துவிடும்.

இதன் காரணம் வியப்பிற்குரியது. வேலையின்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடே நொதியை முடக்குகிறது. முன்னே கூறிய பாக்டீரியா நொதிக்கு உதவியாக இருக்கும் பொருளே இதற்கு நஞ்சாயிற்று!

மாற்று மருந்து நம் இரத்தத்திலேயே இருக்கிறது. புண்ணில் பெராக்ஸைடை ஊற்றினால் நுரை பொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். இரத்தத்திலுள்ள ‘கேட்டலேஸ்’ என்னும் நொதி அதனை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பதால் எழும் நுரையே அது. இந்தக் கேட்டலேஸை உடன் சேர்த்தபோது, 14 முறை என்பது 265 முறையாக உயர்ந்தது. பின்னர் இவ்விரு நொதிகளையும் ஒரே புரதமாக இணைத்து, அதற்குரிய மரபுக் குறிப்பை எஸ்செரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவினுள் புகுத்தினர். நஞ்சு தோன்றும் இடத்திலேயே அதனை முறிக்கும் காவலனையும் அமர்த்தியது போன்ற ஏற்பாடு இது. இப்பாக்டீரியாக்கள் தம்மிடம் அளிக்கப்பட்ட பலவகைக் கொழுப்பு அமிலங்களை 100-க்கு 95 பங்குவரை ஆல்கீனாக மாற்றின. இம்முடிவுகள் 2024-இல் வெளியாயின.

எனினும் இது இன்னும் ஆய்வுக்கூடத்துச் சாதனையே. ஆல்கீனை அப்படியே விமானத்தில் ஊற்றிவிட இயலாது. இரட்டைப் பிணைப்பை நிரப்பச் சிறிது ஹைட்ரஜன் சேர்க்கவேண்டும். அது முன்னைய முறைக்கு வேண்டியதினும் குறைவே. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கரி அணு வாயுவாகக் கழிந்துபோவது தவிர்க்கவொண்ணாத நஷ்டம்.

மூலப்பொருள் பற்றிய கேள்வி இவற்றினும் கடினமானது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, உண்ணத்தக்க எண்ணெயை எரிபொருளாக்குவது முறையாகாது. ஆதலின் பலகாரக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பலமுறை பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயே இவ்வேலைக்கு உகந்தது. அத்தகைய எண்ணெயில் கொழுப்பு அமிலங்களுள் ஒரு பகுதி முன்னரே தனித்துப் பிரிந்து நிற்கும். எஞ்சியவற்றை ‘லிப்பேஸ்’ என்னும் வேறொரு நொதியைக் கொண்டு பிரித்துக்கொள்ளலாம்.