நியூயார்க் நகரின் கோடை வேலைத் திட்டமும் நம் கடைப் பையன்களும்



பள்ளித் தேர்வுகள் முடிந்து ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் நம் கடை வாசலில் தவறாமல் ஒரு காட்சி நடக்கும். பழகிய வாடிக்கையாளர் ஒருவர் மகனைக் கையோடு அழைத்து வருவார். "அண்ணாச்சி, பையன் வீட்ல சும்மா சுத்திக்கிட்டு இருக்கான். ரெண்டு மாசம் உங்க கடையில நிக்கட்டும். நீங்க பாத்து எது கொடுத்தாலும் சரி" என்பார். லாரி வந்து நிற்கும் நேரமாக இருந்தால் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவோம். ஆள் குறைவாக இருந்தால் சரி என்போம். இரண்டிலும் நம் வசதியைப் பார்க்கிறோமே தவிர, அந்தப் பையனைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

நாம் இப்படிப் போகிற போக்கில் செய்வதை அமெரிக்காவின் நியூயார்க் மாநகராட்சி முறையான திட்டமாக 1963 முதல் நடத்தி வருகிறது. அந்நாட்டில் இத்தகைய திட்டங்களில் இதுவே மிகப் பெரியது. இது நடக்கும் விதத்தையும், இதனால் யாருக்கு என்ன லாபம் என்பதையும் கடை நடத்தும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

திட்டம் நடக்கும் முறை

அங்கே கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். 14 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். வேலை ஆறு வாரம். மாநகராட்சியின் இளைஞர் நலத் துறை பணத்தைப் பொறுப்பேற்கிறது. ஆட்களைப் பதிவு செய்வது, கடை, அலுவலகம், மருத்துவமனை, குழந்தைகள் முகாம் என்று இடம் பிடித்துச் சேர்ப்பது ஆகியவற்றை அந்தந்தப் பகுதியில் உள்ள சேவை நிறுவனங்கள் செய்கின்றன.

16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 25 மணி நேரம் வரை வேலை. கூலி அந்நகரின் குறைந்தபட்சக் கூலி. 2025-இல் அது மணிக்கு 16 டாலர் 50 சென்ட். ஆறு வாரமும் ஒழுங்காக வந்தவருக்கு, பிடித்தம் போவதற்கு முன் 2,475 டாலர் என்று கணக்கு வருகிறது. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு நேரம் இதில் பாதிதான். அவர்கள் பெரும்பாலும் குழுவாகச் சேர்ந்து செய்து கற்கும் பயிற்சியில் இருப்பார்கள், உதவித்தொகை உண்டு.

கூலியை மாநகராட்சியே இளைஞருக்கு நேராகக் கொடுத்துவிடுகிறது. கடைக்காரர் கல்லாவிலிருந்து ஒரு காசும் எடுக்க வேண்டியதில்லை. "அப்படியானால் இலவச ஆளா?" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கூலி இலவசம்தான், ஆனால் பொறுப்பு இலவசமல்ல. பையனுக்கென்று ஒரு மேற்பார்வையாளரைக் காட்ட வேண்டும். அவன் செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்த நேரம், போன நேரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சேவை நிறுவனத்தார் வந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டும்.

சட்டமும் கண்டிப்பானது. 18 வயது நிறையாதவர்களுக்கு வேலைச் சான்றிதழ் தேவை. மளிகைக் கடையாகவே இருந்தாலும் இறைச்சி சீவும் மின் இயந்திரத்தை அந்த வயதினர் தொடக்கூடாது, கழுவக்கூடக் கூடாது. மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியையும் ஓட்டக்கூடாது.

குலுக்கலில் இடம்

கேட்பவர் எல்லோருக்கும் இடம் இல்லை. 2019-இல் சுமார் ஒன்றரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 75,000 பேருக்கு. பெரும்பாலான இடங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. சிபாரிசுக்கு அங்கே வேலையில்லை. 2000-ஆம் ஆண்டு வரை கோடை வேலைக்கென்று மத்திய அரசின் தனி நிதி இருந்தது. அது நின்றபின் மாநகராட்சியும் மாநிலமும்தான் பெரும்பாலும் சுமக்கின்றன. ஆகவே வரவு செலவுத் திட்டம் போடும்போதெல்லாம் இதன் தலைக்கு மேல் கத்தி தொங்கும். கொரோனா வந்த 2020-இல் திட்டத்தையே ரத்து செய்வதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 35,000 பேருக்கு மட்டும், வீட்டிலிருந்தபடியே பங்கேற்கும் விதமாக நடத்தினார்கள். 2022-இல் இடங்களை உயர்த்தினார்கள்.

லாபம் எந்தப் பக்கத்தில்?

இத்தனை பணம் போட்டு என்ன கண்டார்கள் என்பதுதான் வியாபாரி கேட்கும் கேள்வி. குலுக்கல் நடப்பதால் அதற்கு நேர்மையான பதில் கிடைக்கிறது. ஒரே லாட்டில் வந்த மூட்டைகளில் சிலவற்றை இந்தக் கிடங்கிலும் சிலவற்றை அந்தக் கிடங்கிலும் வைத்துப் பார்ப்பது போல, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா?

2005 முதல் 2008 வரை விண்ணப்பித்த சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம் பேரைப் பொருளாதார ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. வேலை பார்த்த அந்த ஆண்டில் வருமானம் கூடியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் கூடவில்லை. சற்றுக் குறைந்தும் இருந்தது. கல்லூரியில் சேருவதிலும் வித்தியாசம் இல்லை. இதோடு பேரேட்டை மூடியிருந்தால் நட்டம் என்று எழுதியிருப்பார்கள். மூடாமல் மேலும் பார்த்தார்கள். இடம் கிடைத்தவர்களில் பிற்காலத்தில் சிறைக்குப் போனவர்கள் குறைவு, இறந்துபோனவர்களும் குறைவு.

சிகாகோ நகரிலும் இதே போல ஒரு சோதனை 2012-இல் நடந்தது. அடிதடி மிகுந்த பகுதிகளில் உள்ள 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது, வேலை கிடைக்காதவர்களைவிட அவர்களிடம் 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு ஏற்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, கையைக் கட்டிப் போட்டதால் வந்த நன்மை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நம் தவறு

இதைப் படித்தபோது நம் மண்டியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் தம் 16 வயது மகனை விடுமுறைக்கு விட்டுப் போனார். நாம் அவனை டீ வாங்க அனுப்பினோம், கூட்டச் சொன்னோம், சாக்கு மடிக்கச் சொன்னோம். யாரிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டான். "இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டோம். பிறகு பாக்கி கொடுக்க வந்த தகப்பனார், "அங்க எனக்கு என்ன வேலைன்னே தெரியலப்பான்னு சொல்றான் அண்ணாச்சி" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

நாம் 15 வயதில் விடுமுறைக்குக் கடையில் நின்றபோது முதலாளி முதல் நாளே தராசின் முன் நிறுத்தினார். தட்டைச் சமன் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். மூட்டையில் குத்தூசி போட்டு அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னார். சனிக்கிழமை மாலை எல்லோரும் பார்க்க எண்ணிக் கையில் கொடுத்தார். அன்று வாங்கிய தொகை மறந்துவிட்டது. அவர் எண்ணிக் கொடுத்தது மறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

இங்கே நமக்காக யாரும் கூலி கொடுக்கப் போவதில்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை ஆபத்தான வேலை கொடுக்கக் கூடாது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி 17 வயது நிறையாதவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேலும், இரவு 7 மணிக்குப் பிறகும் வேலை கூடாது. இதற்கு உட்பட்டுச் சில வழக்கங்களை நாம் ஏற்கலாம்:

1. பையனுக்கு இன்னார்தான் பொறுப்பு என்று முதல் நாளே ஒருவரைக் காட்டுங்கள்.

2. அவனுக்கென்று ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். இருப்பு எடுப்பது, சிட்டை சரிபார்ப்பது, பொட்டலம் எடை போடுவது என எதுவாகவும் இருக்கலாம்.

3. பேசிய கூலியைப் பேசிய நாளில் அவன் கையிலேயே கொடுங்கள்.

4. கடைசி நாளில் கடைப் பெயர் அச்சிட்ட தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.

நான்காவது சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் 2016, 2017 கோடைகளில் மேற்பார்வையாளர்களின் கருத்தைக் கேட்டு, இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துப் பார்த்தார்கள். கடிதம் பெற்றவர்களில் அடுத்த ஆண்டு வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் கூடுதல். ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் செலவு.

வரும் ஏப்ரலிலும் யாராவது மகனைக் கூட்டிக்கொண்டு நம் கடை வாசலுக்கு வருவார்கள். சரக்கு இறங்கும் நேரமாக இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று, பையனின் பெயரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வோம்.