அந்த ஊசிக்கு ஏன் இத்தனை பயம்?

பனையிலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அநேகமாக எல்லா ஊருக்கும் உண்டு. தொடையெலும்பு முறிந்து அவர் போடும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும். பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் உறவினர் சிலர் டொக்டரிடம் சொல்வது என்ன தெரியுமா? "ஐயா, அந்த ஊசியைப் போட்டுப் பழக்கிப் போடாதையுங்கோ!"

துடிப்பவர் ஒருவர், பயப்படுபவர் இன்னொருவர்!

'அந்த ஊசி' பெரும்பாலும் மோர்பின் அல்லது பெத்திடின். அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தவர் ஜேர்மனியின் செர்ட்யூர்னர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அபின் வலியை மரக்கச் செய்யும், அளவு மீறினால் கொல்லும் என்று இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் எழுதிவைத்தார்.

"அபின்தானே, ஹராம் இல்லையா?" என்று நம் வீடுகளில் கேட்பவர்களும் உண்டு. வேறு வழியில்லாத நோயாளிக்கு மருத்துவர் அளந்து கொடுப்பது போதைக்காக உண்பதாகாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் விளக்கியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில நாட்கள் கணக்கோடு ஏறும் மருந்தால் அது நேர்வது அரிது. மாத்திரைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் நீளும்போதுதான் ஆபத்து. அமெரிக்கா 1990களின் பிற்பகுதியிலிருந்து பட்ட பாடு அதுதான்.

விபத்தில் வந்தவருக்கு மோர்பினை நாளத்தின் வழியே 2, 3 மில்லிகிராமாக ஏற்றி, சில நிமிடம் பார்த்து, போதாவிட்டால் மறுபடி ஏற்றுவார்கள். தொடையில் ஏன் குத்துவதில்லை? இரத்தம் இழந்து உடல் குளிர்ந்தவருக்குத் தசையில் இரத்த ஓட்டம் குறைவு. மருந்து அங்கேயே தேங்கிக் கிடக்கும். வலி குறையவில்லையே என்று இன்னொன்றும் போட்டால், சேலைன் ஏறி ஓட்டம் திரும்பும்போது இரண்டும் ஒன்றாகப் பாய்ந்து மூச்சை அடக்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் படிக்கப்பட்ட பாடம் இது. மூச்சு தளர்ந்தால் மாற்று மருந்து நலொக்சோன் இருக்கிறது.

வயிற்று வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. அது பாமரர் கற்பனையல்ல. 1921இல் வெளிவந்த கோப் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணரின் புத்தகமே அப்படித்தான் எச்சரித்தது. ஸ்கேன் இல்லாத காலம். பின்னாளைய ஆய்வுகளோ, வலியைத் தணித்தபின் சோதிப்பதால் நோயறிதல் கெடுவதில்லை என்று காட்டிவிட்டன.

மருந்தில்லாத வலியையும் இக்குடாநாடு அறியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் போயிற்று. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்தார்கள். விளக்குச் சாய்ந்தால் தீக்காயம்; அதன் வலி சொல்லி மாளாது. மருந்துகள் வருவதற்கோ பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில்தான் சோனகத் தெரு மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர்.

இன்று அழைக்கவேண்டிய அம்புலன்ஸ் இலக்கமும் 1990தான்! 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. கட்டணம் இல்லை.

அம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டார் ஒன்று செய்யலாம். விழுந்தவர் தினமும் விழுங்கும் மாத்திரைகளைப் பையோடு எடுத்து வையுங்கள். தூக்க மாத்திரை, சிறுநீரக நோய், இளைப்பு, இரவில் பலத்த குறட்டை, மது, ஏற்கனவே வேறெங்காவது போட்ட ஊசி—எதையும் மறைக்காதீர்கள். மூச்சை அடக்கும் ஊசியின் அளவை டொக்டர் தீர்மானிப்பது இவற்றை வைத்துத்தான்.