வெற்றிலைக்கு உரல், ஆச்சிக்கு வெறுங்கஞ்சி

கயத்தாறு வட்டாரத்துத் திண்ணைகளில் பல் போன ஆச்சிமார் பக்கத்தில் ஒரு சின்ன உரல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை அதில் போட்டு இடித்து, நைந்ததும் வழித்து வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். பல் இல்லை என்பதற்காக யாரும் வெற்றிலையை விட்டுவிடவில்லை. சாப்பாடு என்று வரும்போதுதான் வீடே கையை விரித்துவிடுகிறது. "ஆச்சிக்கு மெல்ல முடியல, கஞ்சியை ஊத்திக் கொடு." காலையும் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. சில மாதத்தில் கை வளையல் முழங்கைப் பக்கம் ஏறத் தொடங்கும். வயசாயிட்டுது என்பார்கள். பல வீடுகளில் அது வயதால் வந்த மெலிவு இல்லை, பட்டினியால் வந்த மெலிவு.

மெல்ல முடியாதவருக்கு உணவை மெத்தென்று ஆக்க வேண்டும், நீர்க்க வைக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கஞ்சியில் எவ்வளவு இருக்கிறது?

ஒரு டம்ளர் கஞ்சிக்கு 30 கிராம் அரிசி போகும். 100 கிராம் அரிசியில் புரதம் 8 கிராம் அளவுதான். அப்படியென்றால் மூன்று டம்ளர் குடித்தாலும் கிடைப்பது 7 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 41 கிராமுக்குச் சற்று மேல். வயிறு நிறைந்திருக்கும், உடம்போ தன் தசையையே கரைத்துத் தின்றுகொண்டிருக்கும். எழுந்திருக்கும்போது கால் நடுங்குவதும், புண் ஆறாமல் இழுப்பதும் இதனால் வரலாம்.

இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், 50 கிராம் பாசிப்பருப்பு. இந்த மூன்றிலேயே ஏறக்குறைய 36 கிராம் வந்துவிடும். எதற்கும் பல் தேவையில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

நம் அடுப்பில் இருப்பதே போதும்

பவுடர் டப்பா வாங்கக் கடைக்கு ஓடும் முன்பு நம் சமையலைப் பாருங்கள். கரிசல் மண்ணில் விளைகிற உளுந்து இருக்கிறது. தொலி உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு இறக்கும் களியைப் பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுக்கிறோம். தாத்தாவுக்குக் கொடுக்க ஏனோ தோன்றுவதில்லை. 50 கிராம் உளுந்தில் புரதம் 12 கிராம். நல்லெண்ணெயும் அந்த ஒரு கிண்ணத்தில் தெம்பு ஏற்றும். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்கு உளுந்தஞ்சோற்றைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

சொதி இன்னொரு வரம். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் குழம்பில் காய்களை விரலால் நசுங்கும்வரை வேகவிட்டு, ஊறவைத்த இடியாப்பத்தோடு பிசைந்தால் விருந்துச் சாப்பாடுதான். கீரையை மத்தால் கடையுங்கள்; நார் இல்லாத மென்சாப்பாட்டில் மலச்சிக்கல் சீக்கிரம் வரும். பழத்துக்குப் பப்பாளி, கனிந்த வாழை.

தூத்துக்குடியிலிருந்து வரும் மீனை முள்ளுக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம். சுறாவுக்கு முள் கிடையாது, குருத்தெலும்புதான். அதனால் சுறாப்புட்டு எளிது. ஆனால் உதிரியாக வறட்டி வைத்தால் வாயில் சிதறும், தொண்டையில் ஒட்டும்; கொஞ்சம் குழம்பு விட்டுப் பிசைய வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடிக்க முடியாதவருக்கு வறுத்த நிலக்கடலையை அம்மியில் வெண்ணெய் போல அரைத்துக் கூழில் கலக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சோறு, குழம்பு, கறி எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் அடித்து ஒரே நிறத்தில் கொடுக்காதீர்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாத தட்டைப் பார்த்தால் யாருக்கும் பசி வராது. தனித்தனியாக மசியுங்கள், தனித்தனியாக வையுங்கள்.

மெல்லுவது வேறு, விழுங்குவது வேறு

பல் இல்லாதவர் குழைந்ததை விழுங்கிவிடுவார். பக்கவாதம் வந்தவருக்குச் சிக்கல் தொண்டையில் இருக்கலாம். அவருக்குப் பச்சைத் தண்ணீரே ஆபத்து. வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் குரல் நீர் கட்டியது போல மாறுவது, ஒவ்வொரு வேளையும் புரையேறுவது இவையெல்லாம் அறிகுறிகள். அப்படிப்பட்டவருக்குக் களியும் ஒத்துவராது, ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை விழுங்கும் திறனைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உலக அளவில் இதற்கு 0 முதல் 7 வரை படிநிலைகளே வகுத்திருக்கிறார்கள். படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் கொடுத்து, முடிந்தபின் அரைமணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள்.

வாயே திறக்காதபோது

அந்தச் சின்ன உரலைப் பற்றிக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்திவிட்டது. பாக்குப் பொட்டலம் மெல்லும் இளவட்டங்களுக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் இரண்டு விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. காரம் பட்டால் எரியும். அவர்களுக்கும் இந்த மென்சாப்பாடுதான் துணை, காரம் மட்டும் ஆகாது. பாக்கை நிறுத்தாமல் எந்தச் சாப்பாடும் எந்த மருந்தும் உதவாது. ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையைப் பாருங்கள்

பல் செட் கட்டுவதோ, ஆடும் பல்லுக்கு மருத்துவம் பார்ப்பதோ தள்ளிப்போகலாம். எடை பார்ப்பது தள்ளிப்போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். நடக்க முடியாதவர் என்றால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சொல்லுங்கள். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் இரண்டரை கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.