கவிதாவுக்காக அழுதேன், மகளுக்காக யோசித்தேனா?

அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாலும் சரி, டி.வி.யில் பழைய படம் என்றால் என் கால் தானாக ஹாலுக்குப் போய்விடும். "உனக்கு இந்த சினிமாப் பைத்தியம் எப்போதான் தெளியுமோ!" என்பார் என் வீட்டுக்காரர். தெளியவேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை!

ஆனால் ஒரே படத்தை இருபது வயதில் பார்ப்பது வேறு, அறுபதில் பார்ப்பது வேறு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள்.

1974-ல் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தபோது எனக்குப் பதினாறு வயது. திருச்சியில் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி என்று ஒரு பட்டாளமே மேட்னி ஷோவுக்குப் போனோம். குடிகார அண்ணன், விதவைத் தங்கை என்று மொத்தக் குடும்பத்தையும் தன் சம்பளத்தில் தாங்கும் கவிதாவாக சுஜாதா. தனக்கென்று கூடிவந்த கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடியும் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, பெண்கள் பக்கம் முழுக்க விசும்பல்தான். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்டி" என்றாள் அம்மா. அது என் மனசில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

1986-ல் 'மௌன ராகம்' பார்த்தேன். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. கல்யாணமான புதிதில், "உனக்கு என்ன வேணும்?" என்று ஆசையாய்க் கேட்கிற புருஷனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள் ரேவதி. எனக்கு வந்ததே கோபம்! 'மோகன் மாதிரி தங்கமான மனுஷன் கிடைச்சும் இந்தப் பொண்ணுக்கு என்ன திமிர்!' என்று வீடு வரும்வரை முணுமுணுத்தேன்.

அதே வருஷம் வந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' மட்டும் என்னைக் குழப்பியது. உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள் லட்சுமி, கடைசியில், தனித்தனியாக இருந்துகொண்டே பிரியமாக இருப்போம் என்று சொல்லிவிடுகிறாள். 'ஒண்ணா இருந்தாத்தானே குடும்பம்?' என்று தோன்றியது எனக்கு.

இப்படி வளர்ந்த நான், என் மகளுக்கு என்ன சொல்லியிருப்பேன்?

2012-ல் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். மாமியார் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. "நீ வந்து ஒரு வார்த்தை பேசும்மா" என்று போனில் கேட்டாள். நான் பேசவில்லை. "குழந்தை சின்னது. கொஞ்சம் அனுசரிச்சுப் போடி" என்றேன். ராஜினாமா செய்துவிட்டாள்.

2015-ல் ஜோதிகாவின் '36 வயதினிலே' வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நடிப்பை விட்டிருந்தவர் திரும்பி வந்த படம். மலையாளத்தில் இதே கதையில் மஞ்சு வாரியர் திரும்பி வந்ததும் அப்படித்தான். புருஷனும் பெண்ணும் அயர்லாந்துக்குப் போய்விட, தனியாக நிற்கிற வசந்தியைப் பார்த்து என் மகள் இருட்டில் அழுதாள். படம் நன்றாயிருக்கிறது, அதனால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்மா, கவிதா வேலைக்குப் போனா உனக்குப் பெருமையா இருந்துச்சு. நான் போறேன்னப்ப மட்டும் ஏம்மா தடுத்தே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அவளே பதிலும் சொன்னாள்: "அவ மத்தவங்களுக்காகப் போனா. நான் எனக்காகப் போறேன்னு சொன்னேன். அதானே?"

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுவாரமே 'அவள் ஒரு தொடர்கதை'யைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். அடடா! கவிதா சிரித்த முகத்தோடு தியாகம் செய்யவே இல்லை! வெடுக்கென்று பேசுகிறாள், எரிந்து விழுகிறாள், சுமை தாங்காமல் கொதிக்கிறாள். கே.பாலசந்தர் அந்தக் கோபத்தை ஒளிக்கவே இல்லை. நாங்கள்தான் கண்ணீரை மட்டும் துடைத்துக்கொண்டு, கோபத்தைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். 'மௌன ராக'த்திலும் அப்படித்தான். திவ்யாவின் மனசை ஒருவரும் கேட்காமலே கல்யாணம் முடிந்துவிட்டது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து இருக்கத்தான் வேண்டுமா என்ற லட்சுமியின் நியாயமும் இப்போதுதான் புரிகிறது.

2021-ல் மலையாளத்தில் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தை வீட்டிலேயே பார்த்தோம். (2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது.) நறுக்குவது, அரைப்பது, துடைப்பது, ஒழுகுகிற சமையலறைத் தொட்டியோடு மல்லாடுவது - பாதிப் படம் அதுதான். "என்ன படம் இது, பாத்திரம் தேய்க்கிறதையே காட்டிக்கிட்டு?" என்று அலுத்துக்கொண்டார் இவர்.

"உங்களுக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகலை. எனக்கு நாற்பது வருஷமாச்சுங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. படத்தைக் கடைசிவரை பார்த்தார்.

என் மகள் 2016-ல் மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் குறைச்சல். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மேலதிகாரிகளாகிவிட்டார்கள். அந்த நாலு வருஷத்தை நான் திருப்பித் தரமுடியாது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்த்துக்கொள்வதை மட்டும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சகோதரிகளே, பழைய படங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டாயம் பாருங்கள். மகளையும் மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். திரையில் ஒருத்தி கஷ்டப்படும்போது உங்கள் கண் கலங்குகிறதா? கலங்கட்டும். ஆனால் படம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அதை மூன்று வருஷம் தாமதமாகக் கேட்டேன்.