தலையாட்டினா நம்பிடாதீங்க! கடன் கேட்பவரை கவிழ்க்கும் கம்ப்யூட்டர் பொம்மை

பேங்க்கில் கடன் கேட்டு போகிறோம். ஆபீசர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினாலே நமக்கு விஷயம் புரிந்துவிடும். சிரித்த முகமாக தலையாட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த சீட்டில் மனுஷனுக்கு பதில் கம்ப்யூட்டர் பொம்மை இருந்தால் என்ன ஆகும்?

இந்த பொம்மைக்கு ‘அவதார்' என்று பெயர். தலையில் மாட்டும் பெரிய கண்ணாடி வழியாக பார்த்தால், எதிரில் நிஜ ஆள் நிற்பது போலவே தெரியும். கஸ்டமரிடம் பேச இப்படி அவதாரை நிறுத்துவது புதுசு இல்லை. 2007-லேயே ஐ.பி.எம். நிறுவனம் ‘செகண்ட் லைப்' என்ற கம்ப்யூட்டர் உலகத்தில் விற்பனை மையம் திறந்தது. அங்கே கண்ணாடி தேவையில்லை, கம்ப்யூட்டர் திரையே போதும். நம் நாட்டில் யூனியன் பாங்க் ஆப் இந்தியா 2022-ல் இதேபோன்ற அரங்கு ஒன்றை தொடங்கியது.

4 விநாடி ரகசியம்

அவதாரின் தலையாட்டலில் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஜெரமி பெய்லன்சன், நிக் யீ இருவரும் இதை சோதித்து 2005-ல் வெளியிட்டனர்.

மாணவர்களுக்கு கண்ணாடியை மாட்டிவிட்டனர். “அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்” என்று அவதார் பேசியது. சிலரிடம், அந்த மாணவரின் தலை அசைவையே 4 விநாடி கழித்து அப்படியே காப்பியடித்தது. மற்றவர்களிடம், வேறொருவரின் தலை அசைவை செய்து காட்டியது.

இருவரிடமும் சொன்ன விஷயம் ஒன்றுதான். ஆனால் காப்பியடித்த அவதாரின் பேச்சுக்கே மாணவர்கள் அதிகம் மசிந்தனர். தங்களை காப்பியடிப்பதை பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை!

எப்படி முடிகிறது?

நாம் தலையை திருப்பினால்தான் காட்சியும் திரும்ப வேண்டும். அதற்காக கண்ணாடியில் உள்ள சென்சார், நம் தலை அசைவை விடாமல் அளக்கிறது. அதே கணக்கை வைத்து பொம்மையையும் ஆட்டிவிடலாம். கைதேர்ந்த சேல்ஸ்மேன்கூட ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் மயக்க முடியும். கம்ப்யூட்டருக்கு ஆயிரம் பேர் வந்தாலும் கவலையில்லை.

உஷாரா இருங்க!

* பேசுவது ஆளா, கம்ப்யூட்டரா என்று முதலிலேயே கேளுங்கள்.

* வட்டி, மாத தவணை, கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

* உடனே ‘சரி' சொல்லாதீர்கள். கண்ணாடியை கழற்றி, வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

* எவ்வளவு அன்பாக சிரித்தாலும் ஓ.டி.பி. நம்பரை சொல்லக்கூடாது.

பொம்மை தலையாட்டியதற்கு ரசீது கிடையாது. தவணை கட்டப்போவது நாம்தான்.